பெட்பேனுக்கு வளைவு போட்ட கதை

கம்ப்யூட்டரில் டிசைன் போடும் தொழிலில், நேர்கோடு போடுகிற வரைக்கும் யாரும் நம் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்; வளைவு போட ஆரம்பித்துவிட்டால் வாட்ச்மேன் வரை யோசனை சொல்ல வந்துவிடுவார்.

நான் பல வருஷம் நேர்கோட்டிலேயே நிம்மதியாகக் குடித்தனம் நடத்தியவள். வீடு மைசூர் அக்ரஹாரத்தில். வேலை நஞ்சன்கூடு தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் சாமான்களுக்கு அச்சு செய்கிற சின்னக் கம்பெனியில். ஸ்விட்ச் பெட்டி, பேட்டரி பெட்டி, தக்காளி அடுக்குகிற கிரேட் என்று பெட்டி பெட்டியாகப் போட்டுத் தள்ளினேன். அதற்கெல்லாம் 'சாலிட்' போதும். ஒரு கட்டியை எடுத்து வேண்டாததை வெட்டி எறிந்தால் பெட்டி தயார். வளைந்து நெளிந்த சாமானுக்கு அது சரிப்படாது. அதற்கு 'சர்ஃபேஸ்' வேண்டும். சர்ஃபேஸ் என்றால் வெறும் தோல். கனமே கிடையாது. துண்டு துண்டாகத் தோல் இழுத்து, ஓரத்தோடு ஓரம் ஒட்டி, கடைசியில் கனம் கொடுக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா? உங்களில் யாராவது இதைக் கற்றுக்கொள்ளப் போய் ஸ்க்ரீனில் சிவப்பு எழுத்தில் திட்டு வாங்கியிருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலாளி கொடுத்த வாக்கு

எங்கள் முதலாளி மஞ்சுநாத் சார் கன்னடக்காரர். என்னிடம் தமிழில் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஒரு பாஷை பேசுவார். ஒரு நாள் அவருடைய அறைக்கு சரோஜா சிஸ்டர் வந்தார். ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலேயே படுக்கையில் கிடக்கிற நோயாளிகளுக்கு வேண்டிய சாமான்களை விற்கிறார். பையிலிருந்து செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, மேஜையில் சாரின் காபிக்குப் பக்கத்தில் வைத்தார். பெட்பேன், எழுந்திருக்க முடியாதவர்கள் படுத்தபடியே மலஜலம் கழிக்க அடியில் வைக்கிற பாத்திரம். சார் காபியைத் தன் மடிப்பக்கமாக நகர்த்திக்கொண்டார்.

"இடுப்பு உடைஞ்சு படுத்திருக்கறவங்களுக்கு அடியில இதைத் தள்ளினா அலறறாங்க சார். ஓரம் குத்துது, தோல் உரியுது. பின்பக்கம் மெலிசா, வழவழன்னு, உடம்பு வளைவுக்கு ஏத்த மாதிரி வேணும்" என்றார் சிஸ்டர். சார் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. ஆகும், ஆகும், எங்கள் டிசைன் டிபார்ட்மென்ட் எல்லாம் போடும் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். டிசைன் டிபார்ட்மென்ட் என்பது நான் ஒருத்திதான். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

சிஸ்டர் போனதும் எனக்கு சர்ஃபேஸ் தெரியாது என்பதைச் சொன்னேன். சார் டிராயரைத் திறந்து ஒரு பெங்களூர் டிசைன் கம்பெனியின் கொட்டேஷனைக் காட்டினார். நான் போட்டு, சிஸ்டர் ஒப்புக்கொண்டால் சரி. இல்லையென்றால் இனிமேல் டிசைன் எல்லாம் பெங்களூரில். நான் பழையபடி இன்ஸ்பெக்‌ஷன் அறைக்குப் போக வேண்டியதுதான். அந்த அறையில் வெர்னியர் பிடித்து ஓட்டை அளந்துகொண்டிருந்தவள்தான் நான். சாயங்கால வகுப்பில் படித்து, கெஞ்சி, காத்திருந்து இந்த நாற்காலிக்கு வந்தேன். திரும்பிப் போக எனக்கு மனசில்லை. முகத்தைப் பார்த்துவிட்டு சார் தைரியம் சொன்னார்:

"கீதாவ்ரே, நேர்கோடு போடத் தெரிஞ்சவங்களுக்கு அதை ஸ்வல்ப வளைக்க எஷ்டு நேரம் ஆகும்?"

உலகமே போடும் மௌஸ்

சனி, ஞாயிறு வகுப்பில் சேர்ந்தேன். பக்கத்து நாற்காலிகளில் இன்ஜினியரிங் முடித்த பிள்ளைகள். சொல்லிக்கொடுக்கிற நவீனுக்கும் அவர்கள் வயதுதான். நான் உள்ளே நுழைந்ததும் யாரோ ஒருவருடைய அம்மா ஃபீஸ் கட்ட வந்திருப்பதாக நினைத்து, ஆபீஸ் அறை எந்தப் பக்கம் என்று கை காட்டினார்.

உலகத்தில் சர்ஃபேஸ் கற்றுக்கொள்கிற எல்லோரும் முதலில் கம்ப்யூட்டர் மௌஸ்தான் போட வேண்டும் என்று எங்கோ சட்டம் இருக்கிறது. நானும் போட்டேன். என் மௌஸ் பார்ப்பதற்கு வெயிலில் வைத்த வெண்ணெய் மாதிரி ஒரு பக்கமாக இளகியிருந்தது. அடுத்தது ஷாம்பு பாட்டில். பாட்டிலின் கழுத்து சுளுக்கிக்கொண்டது. அவரவர் சொந்தமாக என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்று நவீன் கேட்டார். ஒருவன் பைக் டேங்க் என்றான், இன்னொருத்தி ஹெல்மெட் என்றாள். என் முறை வந்தது. சொன்னேன். பைக் டேங்க் பையன் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டான். நவீன் நல்ல பையன், சிரிக்கவில்லை. நெற்றியைத் தேய்த்து யோசித்து வழி சொன்னார்:

"மேடம், அது சிலபஸ்ல இல்ல. மௌஸையே பெரிசு பண்ணி, நடுவுல ஒரு குழி போட்டுப் பாருங்களேன்."

வளைகாப்பில் அறிமுகம்

அந்தச் சமயம் பார்த்து என் கணவர் வழியில் ஒரு வளைகாப்பு. பந்தியில் எனக்கு எதிரே பிரசாத் உட்கார்ந்திருந்தான். கணவருக்குத் தம்பி முறை. பெங்களூரில் கார் கம்பெனியில் வேலை. தான் பம்பருக்கு சர்ஃபேஸ் போடுவதைப் புளியோதரை ஆறும்வரை விளக்கினான். ஒளி பட்டால் எப்படி வழிந்து ஓட வேண்டும் என்று கையாலேயே காற்றில் பம்பர் வரைந்தான். பந்தியே வாயைப் பிளந்தது.

"அண்ணியும் சர்ஃபேஸ்தானே போடறாங்க? என்ன பார்ட் அண்ணி?" என்றான். பக்கத்தில் இருந்த கணவர் என் முழங்காலை இடித்தார். நான் ஏதாவது 'மெடிக்கல் லைன்' என்று மழுப்பியிருக்கலாம். ஆனால் பல வாரமாக அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததில் எனக்கு வெட்கம் விட்டுப்போயிருந்தது. பெட்பேன் என்று பளிச்சென்று சொல்லிவிட்டேன். தயிர் சாதம் பரிமாறிக்கொண்டு வந்தவர் நின்றுவிட்டார். பிரசாத் தன் இலையைப் பார்த்தான். கணவரின் சித்தி மட்டும் வடையைக் கடித்தபடி தீர்ப்பு சொன்னார்:

"பம்பர் கார் வெச்சிருக்கறவனுக்கு மட்டும்தான்டா. இது நம்ம எல்லாருக்கும் ஒரு நாள் வேணும். நல்லா வழவழன்னு பண்ணும்மா கீதா."

கம்ப்யூட்டருக்குப் பிடிக்கவில்லை

எங்கள் டூல் ரூமில் செல்வம் என்று ஒருவர். கொள்ளேகால்காரர். நான் வரைந்து கொடுப்பதை இரும்பில் குடைந்தெடுக்கிற மெஷினுக்கு ப்ரோக்ராம் போடுவது அவர் வேலை. ஆள் நல்ல வாட்டசாட்டம், நடந்து வந்தால் கதவு தானாக வழிவிடும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, நான் அவஸ்தைப்படுவதை வேடிக்கை பார்ப்பார். சினிமாவுக்குப் போகிற செலவு மிச்சம் என்பார்.

பின்பக்கத்துக்கு ஒரு தோல், குழிக்கு ஒன்று, விளிம்புக்கு ஒன்று, கைப்பிடிக்கு ஒன்று என்று இழுத்து வைத்திருந்தேன். ஜாக்கெட் துண்டுகளை வெட்டி அடுக்கிய மாதிரி அழகாகத்தான் இருந்தது. ஒட்டச் சொன்னால் முடியாது என்றது சாஃப்ட்வேர். விளிம்புக்கும் கைப்பிடிக்கும் நடுவே இடைவெளியாம். எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தும் என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தையற்காரர் என்றால் இரண்டு துணியையும் கொஞ்சம் இழுத்துப் பிடித்து ஓட்டிவிடுவார். இதற்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. ஓரத்தை அழித்து, மறுபடி இழுத்து, ஒருவழியாக ஒட்டினேன். சரி, கனம் கொடு என்றேன். மறுபடி சிவப்பு எழுத்து. கனமான போர்வையைச் சின்னதாக மடித்தால் உள்பக்கம் சுருங்கிப் பிதுங்குமே, அது போல வளைவு சிறியதாகவும் கனம் அதிகமாகவும் இருந்தால் உள்தோல் தன்னைத்தானே முட்டிக்கொள்ளுமாம். இந்த விஷயம் எனக்குப் புரிவதற்குள் ஒரு வாரம் போனது. நான் மௌஸை மேஜையில் ஓங்கி வைத்த அன்று செல்வம் பரிவோடு கேட்டார்:

"ஏனுங்க மேடம், கம்ப்யூட்டருக்கே இது பிடிக்கலீன்னா பேஷன்ட்டுக்கு எப்படிங்க பிடிக்கும்?"

வரிக்குதிரை

தோல் வழவழப்பாக இருக்கிறதா என்று வெறும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஒரு சோதனை உண்டு. சாமான் மேல் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகளை சாஃப்ட்வேர் போர்த்திக் காட்டும். ஒரு தோலிலிருந்து அடுத்த தோலுக்குப் பட்டை உடையாமல் ஓடினால் நல்லது. ஒட்டு வருகிற இடத்தில் ஒடிந்து திரும்பினால் அங்கே கையில் தட்டும். வரிக்குதிரைச் சோதனை என்று சொல்வோம். இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கிற சாமானில் பாதியை மட்டும்தான் வரைவோம். அது சரியான பிறகு கண்ணாடியில் தெரிகிற மாதிரி மறுபாதியைத் திருப்பி ஒட்டிக்கொள்ளலாம். பாதி உழைப்பு மிச்சம்.

நான் வரைந்த இடது பாதியில் பட்டைகள் முதல்முறையாக ஒடியாமல் ஓடிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்படியொரு சந்தோஷம். வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தபோது மஞ்சுநாத் சார் உள்ளே வந்தார். ஸ்க்ரீனைப் பார்த்ததும் முகம் மாறியது. இது வெறும் சோதனை, நிஜத்தில் பட்டை வராது என்று சொல்லிப் பார்த்தேன். கஸ்டமர் வருகிற நேரத்தில் இந்தக் கோலத்தைத் திறந்து வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, சந்தேகம் தீராமல் கேட்டார்:

"கீதாவ்ரே, சிஸ்டர் வெள்ளைதானே கேட்டாங்க? இது யாருக்கு, நம்ம மைசூர் ஜூக்கா?"

நடுவில் ஒரு வகிடு

சார் போனதும் முதல் வேலையாகப் பட்டைகளை அணைத்தேன். பிறகு மறுபாதியைத் திருப்பி ஒட்டினேன். முழு பெட்பேனும் ஸ்க்ரீனில் வந்து நின்றதைப் பார்த்ததும் வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. அச்சு வெட்டுவதற்கு முன்னால் கையில் பிடித்துப் பார்க்க 3டி பிரிண்ட் போட அனுப்பிவிட்டேன்.

பிரிண்ட் வந்த அன்று டூல் ரூமே கூடிவிட்டது. வெள்ளை வெளேரென்று, பின்பக்கம் மெலிந்து, முன்பக்கம் அலை மாதிரி எழும்பி நின்றது. பேக்கிங் பெண்கள்கூடத் தடவிப் பார்த்துவிட்டு, எதற்கு என்று கேட்டதும் கையை எடுத்துக்கொண்டார்கள். சரோஜா சிஸ்டர் வந்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, பெருவிரலால் இடது ஓரத்திலிருந்து மெல்லத் தடவிக்கொண்டே வந்தார். நடுவில் விரல் நின்றது. திரும்பிப் போய் மறுபடி வந்தார். மறுபடி அதே இடத்தில் நின்றது. நான் என் விரலை வைத்துப் பார்த்தேன். தலையில் வகிடு எடுத்த மாதிரி, நட்ட நடுவில், மேலிருந்து கீழ்வரை ஒரு மேடு.

இடது பாதி லேசாக மேலேறிச் சரிவாக வந்து நடுக்கோட்டில் முடிந்திருக்கிறது. வலது பாதியும் அதே சரிவோடு வந்து முட்டினால் கூரை முகடுதானே வரும்? பாதிக்குப் பட்டை போட்டுப் பார்த்தேன், முழுசுக்குப் பார்க்கவில்லை. ஒரு பெட்பேனில் மேடு வரக் கூடாத ஒரே இடம் எதுவோ, வால் எலும்பு வந்து உட்காருகிற அந்த இடத்தைத் தேடிப் பிடித்து வைத்திருந்தேன். சார் போனை எடுத்து பெங்களூர் நம்பரைத் தேட ஆரம்பித்தார். சிஸ்டர் பிரிண்டை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார். திருத்திக்கொண்டு வருவதற்கு எனக்கு இன்னொரு தவணை கிடைத்தது அவர் அப்போது சொன்ன வார்த்தையால்தான்:

"சார், போனை வெச்சுட்டு ஸ்வல்ப நேரம் நீங்களே இதுல படுத்துப் பாருங்க. எது தப்புன்னு தெரிஞ்சுக்கிட்டு ஆமேலே பெங்களூருக்குப் பேசுங்க."

கிரானைட் மேல் செல்வம்

பின்பக்கத்தை முழுசாக அழித்தேன். அழிக்கும்போது மனசு வலித்தது, இருந்தாலும் அழித்தேன். இந்தத் தடவை நடுவில் ஒட்டே இல்லாமல், இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புவரை ஒரே தோலாக இழுத்தேன். முழு சாமானுக்கும் பட்டை போட்டுப் பார்த்தேன். சார் பின்னால் வந்து நின்றபோதும் அணைக்கவில்லை. அவரும் ஜூவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

இரண்டாவது பிரிண்டை சிஸ்டரிடம் கொடுப்பதற்கு முன் யாராவது படுத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்று சார் முடிவு செய்தார். யாராவது என்றால் அவரில்லை. கம்பெனியிலேயே கனமான உடம்பு செல்வத்துடையது. ஆகவே அவரைத் தேர்ந்தெடுத்தார். படுக்க இடம்? டூல் ரூம் தரையில் எண்ணெய். ஆபீஸ் மேஜை செல்வத்தைத் தாங்காது. இன்ஸ்பெக்‌ஷன் அறையில் மட்டும் கட்டில் அகலத்துக்கு ஒரு கறுப்பு கிரானைட் மேஜை இருக்கிறது. மற்ற சாமான்களை அளப்பதற்கு அதன் சமதளம்தான் ஆதாரம். அதன் மேல் டீ கிளாஸ்கூட வைக்க விட மாட்டார் இன்ஸ்பெக்‌ஷன் மோகன். ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் முதல் சந்தனம் அதற்குத்தான்.

மோகன் பேங்க் வேலையாக வெளியே போயிருந்தார். அட்டை விரித்து, செருப்பைக் கழற்றவைத்து, செல்வத்தை ஏற்றினோம். பேன்ட் சட்டையோடு முழங்காலை மடக்கிக் கிடந்தவர் கூச்சத்தில் முகத்தைக் கர்ச்சீப்பால் மூடிக்கொண்டார். "குத்துதா? நடுவுல மேடு தெரியுதா?" என்று நான் ஒரு பக்கம். "வலது பக்கம் ஸ்வல்ப அமுக்கி நோடி" என்று சார் இன்னொரு பக்கம். செல்வம் பதில் சொல்லாததால் கர்ச்சீப்பைத் தூக்கிப் பார்த்தேன். நல்ல தூக்கம். எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு மோகன் வந்தார். நேராக மேஜையிடம் போய், அட்டையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்:

"மேடம், இது சமமா இருக்குன்னு வருஷா வருஷம் ஆள் கூப்பிட்டு சர்டிஃபிகேட் வாங்கறேன். செல்வம் எந்திரிச்சப்புறம் எனக்கு யார் சர்டிஃபிகேட் குடுப்பா?"

ரயில்வே கார்டு

ஆரோக்கியமான ஆள் தூங்கினதெல்லாம் கணக்கில்லை என்று சொல்லிவிட்டார் சிஸ்டர். நோயாளி ஒருத்தர் வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ரயில்வேயில் கொடி காட்டுகிற கார்டாக இருந்து ஓய்வு பெற்ற தமிழர். குளியலறையில் வழுக்கி இடுப்பு உடைந்து படுத்திருக்கிறார். பெட்பேன் என்ற பேச்சை எடுத்தாலே அவர் போடுகிற கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்துவார்களாம். அந்த அவஸ்தைக்குப் பயந்து மனுஷர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார் என்று சொல்லும்போது அவருடைய மகளுக்குக் கண் கலங்கியது. எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் அறைக்குத் திரும்பிப் போகிற பயமே மறந்துவிட்டது. கடவுளே, இவருக்கு வலிக்காமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

உள்ளே போக எனக்குத் தைரியம் இல்லை. அறைக்கு வெளியே, பாதி சாத்திய கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். சும்மா வைத்துப் பார்ப்பதுதான், துணியோடேயே வைக்கிறேன் என்று சிஸ்டர் அவரிடம் சொல்வது கேட்டது. கட்டில் கிறீச்சிட்டது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், அல்லது நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கூச்சலுக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. சிஸ்டர் பேசுவதும் கேட்கவில்லை. பயந்துபோய்க் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். சிஸ்டர் இரண்டு கையையும் எடுத்துவிட்டு, கட்டிலை விட்டு நகர்ந்து நின்றுகொண்டிருந்தார். பெரியவர் மேலே ஃபேனைப் பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு தயாராகக் கிடந்தார். கடைசியில் பொறுமை இழந்து, தெருவுக்கே கேட்கிற அந்தக் குரலில் அதட்டினார்:

"என்னம்மா சரோஜா, எவ்வளவு நேரம்தான் பார்த்துட்டு நிப்ப? வெக்கறதை சீக்கிரம் வெச்சுத் தொலை!"

சிஸ்டர் அங்கிருந்தே சாருக்குப் போன் போட்டு அச்சு வெட்டச் சொன்னார். பெங்களூருக்கு வேண்டாம் என்று அன்றைக்கே பதில் போனது. நான் என் நாற்காலியிலேயே இருக்கிறேன். அன்று அந்த வீட்டு வாசற்படியில் செருப்பைத் தேடுகிற சாக்கில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

நம் தொழிலில் கிடைக்கக்கூடிய ஆகப் பெரிய பாராட்டு, நாம் செய்து கொடுத்த சாமான் இன்னும் வந்து சேரவில்லையே என்று ஒருவர் அதன் மேல் படுத்துக்கொண்டே கோபித்துக்கொள்வதுதான்.